டப்பிங் இல்லாத வசனம்

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"இவன் மைக்கைப் பிடிச்சா சோலார் பேனலைப் பத்தித்தான் பேசுவான்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இல்லை. இன்று நான் பேச வந்தது ஒரு டிவி சீரியலைப் பற்றி. முதல்வர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

2022 பிப்ரவரியில் சன் டிவியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. படித்த பெண்களை மருமகள்களாக எடுத்து, வேலைக்கு அனுப்பாமல் அடுப்படியிலேயே வைத்திருக்கும் குடும்பத்தின் கதை. குடும்பத் தலைவர் ஆதி குணசேகரன். அவராக நடித்தவர் தேனி மாவட்டம் பசுமலைத்தேரிக்காரரான மாரிமுத்து. 1990-ல் சினிமா ஆசையில் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போனவர். பல வருஷம் உதவி இயக்குநர். 2008-ல் 'கண்ணும் கண்ணும்', 2014-ல் 'புலிவால்' என்று இரண்டு படங்களை இயக்கினார். பட்டிதொட்டியெல்லாம் அவர் பெயரைக் கொண்டு சேர்த்தது ஐம்பது வயதுக்கு மேல் வந்த இந்தச் சீரியல்தான்.

திருச்சுழிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மா தினமும் அவரைத் திட்டுவார். திட்டிக்கொண்டே ஒரு நாள் விடாமல் பார்ப்பார். ஏன் என்று யோசித்திருக்கிறேன். நான் வில்லன் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் நடித்தால் முழித்த கண்தான் தெரியும். மாரிமுத்து அப்படி நடிக்கவில்லை. 'இந்தக் குடும்பத்தையே நான்தான்டா தூக்கிச் சுமக்கிறேன்' என்று நம்புகிற ஒரு மனுஷனாக, நக்கலும் சிரிப்புமாக நடித்தார். அதனால் திரையில் எங்கள் பெரியப்பா தெரிந்தார். உங்கள் வீட்டிலும் யாராவது தெரிந்திருப்பார்கள். இத்தனைக்கும் நிஜத்தில் அவர் வேறு ஆள். அதே 2023-ல் ஒரு டிவி விவாதத்தில் ஜோதிடர்களை எதிர்த்து உட்கார்ந்து வாதாடியவர்.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். "பாவி மனுஷன், இப்படிப் பொசுக்குனு போயிட்டானே" என்று அம்மா அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை.

அந்த நாற்காலிக்கு அடுத்து வந்தவர் நம்ம பக்கத்து ஆள். பெருநாழி வேல ராமமூர்த்தி. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது எனக்கு அங்கேதான் வேலை. பெருநாழி பஸ்ஸைத் தினமும் பார்ப்பேன். அந்தச் சீமைக்கருவேலங்காட்டுக்குள்ளிருந்து பட்டாளத்துக்குப் போய், அப்புறம் தபால் இலாகாவில் வேலை பார்த்து, 'குற்றப் பரம்பரை' எழுதி, 'மதயானைக் கூட்டம்', 'கிடாரி' என்று சினிமாவுக்கும் வந்தவர். இறந்தவரின் குரல் ஜனங்களின் காதை விட்டுப் போகாத நேரத்தில் அதே பாத்திரத்தில் நடிப்பது லேசான காரியமா? மாரிமுத்துவைப் போலச் செய்து காட்டாமல், தன் மீசை, தன் கனத்த குரலோடு வந்தார். அம்மாவுக்கு ஒரு மாதம் பிடிக்கவில்லை. அப்புறம் இவரையும் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

டப்பிங் என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல சீரியல்களில் படப்பிடிப்பின்போது உதவி இயக்குநர் வசனத்தைச் சத்தமாகப் படிக்க, நடிகர் கேட்டுச் சொல்வார். அந்த ஒலி உதவாது. பிறகு தியேட்டரில் தன் முகத்தைத் தானே பார்த்து, உதட்டுக்குச் சரியாக மறுபடி பேச வேண்டும். அதாவது, பேசியதைத் திரும்பக் கேட்காமல் அந்த வேலை நடக்காது.

நமக்கு அப்படி ஒரு தியேட்டர் கிடையாது. எனக்கு மட்டும் ஒரு நாள் கிடைத்தது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இடுப்பில் கை வைத்து, "இந்தாம்மா, ஏய்... தண்ணி எங்க?" என்று அதட்டினாள். குணசேகரன் பாணிதான். "சீரியல் பார்த்துப் பிள்ளை கெட்டுப்போச்சு" என்றேன். என் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அவ எட்டு மணிக்கே தூங்கிடுறாங்க. சீரியல் அதுக்கப்புறந்தான். அவ பார்க்கிறது உங்களை."

அவரும் இந்தக் கல்லூரிதான், எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். இறுதியாண்டில் என்னைவிட மார்க் அதிகம். கல்யாணமான புதிதில் வேலைக்குப் போகிறேன் என்றார். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். அதனால் நான் குணசேகரன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த 'அடுத்த வருஷம்' ஆறு தடவை வந்து போயிருந்தது.

இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் அனுமதி கேட்டுத்தான் பேசினேன். இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. இந்த மண்டபத்தில் கம்பெனி நடத்துகிற சீனியர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவரிடம் பேசுங்கள். தயவுசெய்து என்னிடம் வந்து கேட்காதீர்கள்.