வெள்ளித்திரையும் வேட்டித்திரையும்

(கோபிசெட்டிபாளையத்தில் நடைபெற்ற தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பழைய ஹாலிவுட் படங்களைச் சுவைப்பது எப்படி என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். மேடைக்கு வருமுன், தோழர் ஒருவர் என் காதருகே வந்து கேட்டார்: "தமிழ், தமிழ் என்று தொண்டை வறள முழங்குகிறோமே, நமக்கு எதற்கு அண்ணே அமெரிக்காக்காரன் படம்?"

கேட்டவரைக் குறை கூறமாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. இன்று நான் பேசப்போவது முழுவதும் அவருக்கான விடைதான்.

1936ஆம் ஆண்டு. அமெரிக்காவிலே பொருளாதாரம் சரிந்து, வங்கிகள் மூடி, உழவர்கள் நிலமிழந்து நடுத்தெருவிலே நின்ற காலம். பிராங்க் காப்ரா என்ற இயக்குநர் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்றொரு படம் எடுத்தார். சிற்றூர்வாசி ஒருவனுக்கு எதிர்பாராமல் இரண்டு கோடி டாலர் சொத்து வந்து சேருகிறது. அவன் என்ன செய்தான்? மாளிகை கட்டினானா? மது விருந்து வைத்தானா? இல்லை! நிலமிழந்த உழவர்களுக்கு நிலம் வாங்கித் தர முற்பட்டான். உடனே எழுந்தது கூக்குரல், "இவன் பைத்தியக்காரன்!" என்று. பணத்தைப் பதுக்குபவன் அறிவாளி, பகிர்பவன் பைத்தியக்காரன் என்று வழக்கு மன்றம் வரை இழுத்தார்கள்.

அந்தப் படத்தின் கருவை எடுத்து, தமிழ் மண்ணிலே ஊன்றி, தமிழ் நீர் ஊற்றி வளர்த்தார் அறிஞர் அண்ணா. அதுதான் 1949இல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்து வெளிவந்த 'நல்லதம்பி'! அந்தப் படத்திலேதான் 'கிந்தனார்' காலட்சேபம். நந்தனார் கதையை 1935இல் திரையிலே பாடி நடித்தவர் நம் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். அந்த நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கலைவாணரின் கிந்தனோ கல்விக்கூடத்துக்குப் போகப் புறப்பட்டான்! அமெரிக்கக் கதைக்குள்ளே தமிழனின் கேள்வியை வைத்த திறத்தைப் பார்த்தீர்களா!

வந்தது கதை மட்டுமல்ல, ஆளும் வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் அறியாதவர். 1936இல் அவர் இயக்கிய 'சதி லீலாவதி'தான் எம்.ஜி.ஆர். நடித்த முதல் படம். 1950இலே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யை டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்க, உரையாடலைத் தீட்டியவர் கலைஞர். குண்டலகேசியின் கதை நம்முடையது. அதைப் படம்பிடித்த கண் அமெரிக்கருடையது. ஆகவே தோழரே, அயல்நாட்டுப் படத்தைக் கண்டு அஞ்சியவர்கள் அல்லர் நம் முன்னோடிகள். கற்றார்கள், களைந்தார்கள், கைக்கொண்டார்கள்!

என்னைப்பற்றி ஒரு சொல். நான் பட்டதாரி அல்லன். கல்லூரியிலிருந்து பாதியிலே படியிறங்கியவன். நாடகம் எழுதுபவனுக்கு ஒரு காட்சியை எங்கே தொடங்குவது, எப்போது வாய்மூடுவது என்பது தெரிந்தாக வேண்டும். அந்தப் பாடத்தை எனக்குத் தந்தவர் சார்லி சாப்ளின். வாய்மூடும் வித்தை, மேடைப் பேச்சாளனுக்கு எவ்வளவு கடினமானது என்பது உங்களுக்குத் தெரியாததா!

லண்டன் நகரின் வறுமையிலே பிறந்து, சிறுவயதிலேயே ஏழையர் விடுதியிலே அடைபட்டவர் அவர். 1936இல் 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்தார். உலகமே பேசும்படத்துக்கு மாறிவிட்ட பிறகும், பெரும்பாலும் உரையாடல் இல்லாமலே எடுத்தார். ஆலையிலே ஓடிக்கொண்டேயிருக்கும் பட்டை. அதில் வரிசையாக வரும் திருகுகளை முடுக்கிக்கொண்டேயிருக்கும் தொழிலாளி. வேலை நின்ற பின்னும் அவன் கை நிற்கவில்லை; வெறுங்காற்றை முடுக்குகிறது! உணவு நேரத்தை மிச்சப்படுத்த, ஊட்டிவிடும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். சாலையிலே வண்டியிலிருந்து விழுந்த கொடியை, உரியவரிடம் தரலாமென்று எடுத்து ஆட்டுகிறான். பின்னால் வருகிறது தொழிலாளர் ஊர்வலம். இவன்தான் தலைவன் என்று பிடித்துக்கொண்டு போகிறது காவல்துறை!

இவ்வளவு சிரிக்க வைத்தவருக்கு அமெரிக்கா தந்த பரிசு என்ன? 1952இல் அவர் லண்டனுக்குப் புறப்பட்டதும், திரும்பி வரும் அனுமதியை விலக்கிக்கொண்டது. இருபதாண்டு கழித்து, 1972இல் அழைத்து ஆஸ்கார் விருது தந்து கைதட்டியது.

இந்தப் படத்தை, பச்சைமலையின் பக்கத்திலுள்ள சிற்றூர் ஒன்றிலே, சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் திரையிட்டோம். பட்டுத்திரை ஏது? இரண்டு மூங்கில் நட்டு, எட்டு முழ வேட்டியைக் கட்டினோம். சிரிப்பொலி வயற்காடு வரை கேட்டது. கையை முடுக்கும் காட்சியிலே மட்டும் ஓர் அம்மையார் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் சொன்னார்: "எங்கூட்டுக்காரருக்கும் தூக்கத்துல கை இப்படித்தானுங்க ஆடுது." அவர் கணவர் விசைத்தறித் தொழிலாளி. எங்கோ ஹாலிவுட்டிலே எடுத்த காட்சி, எண்பதாண்டு கடந்து, அந்த வீட்டுக்குள் புகுந்துவிட்டது!

இத்தோடு நிறுத்தினால் கைதட்டுவீர்கள். ஆனால், நிறுத்தினால் நான் நேர்மையற்றவன் ஆவேன்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்புறம் போனேன். அங்கே இருபது சிறுவர்கள் மண்ணிலே அமர்ந்திருந்தார்கள். வேட்டியின் மறுபக்கத்திலே, இடம் வலமாக, வலம் இடமாகத் தெரிந்த சாப்ளினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் இங்கே?" என்றேன். "நாங்க காலனிங்கண்ணா" என்றான் ஒருவன். யாரும் அவர்களை விரட்டவில்லை, யாரும் அழைக்கவுமில்லை. முன்புறம் பாயிலே இடமிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. "படம் நடக்கட்டும், ஊரிலே சச்சரவு வேண்டாம்" என்று திரும்பி வந்துவிட்டேன். மேடையிலே முழங்கும் இந்த வாய், வேட்டித்திரையின் பின்புறத்திலே மூடிக்கொண்டது. சாப்ளின் கற்றுத்தந்த மௌனம் அல்ல அது, கோழையின் மௌனம்!

அன்றிரவு உறங்கவில்லை. ஹாட்டி மெக்டேனியல் நினைவுக்கு வந்தார். 'கான் வித் த விண்ட்' என்ற புகழ்பெற்ற படத்திலே பணிப்பெண்ணாக நடித்த கறுப்பினக் கலைஞர். 1939 டிசம்பரிலே அட்லாண்டா நகரில் முதற்காட்சி நடந்தது. அதற்கு அவர் போக முடியவில்லை. நிறவெறிச் சட்டம் குறுக்கே நின்றது. 1940இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் பெற்றார். கறுப்பினத்தவர் பெற்ற முதல் ஆஸ்கார்! ஆனால் விருது விழாவிலே அவரை அமர்த்தியது எங்கே? உடன் நடித்தவர்களோடு அல்ல. ஓரத்திலே, தனி மேசையிலே! 1952இல் மறைந்தபோது, அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டமும் இடம் தர மறுத்தது.

தனி மேசை! நமக்குப் புதிய செய்தியா இது? தனிக்குவளை வைத்த தேநீர்க் கடைகளைக் கண்ட மண்ணல்லவா நம் கொங்கு மண்! அமெரிக்கனின் தனி மேசையைக் கண்டு கொதிக்கும் நாம், நம் திரையின் பின்புறத்தைக் காணாமல் இருக்கலாமா?

இப்போது சொல்கிறேன், பழைய படத்தைச் சுவைப்பது எப்படி என்று. 'கான் வித் த விண்ட்' படத்தின் வண்ணத்தை வியந்து பாருங்கள். தீப்பற்றி எரியும் நகரத்தைப் படமாக்கிய திறனைப் போற்றுங்கள். அதே கண்ணாலே, அடிமைகளை அகமகிழ்ந்து உழைப்பவர்களாகக் காட்டும் பொய்யையும் பாருங்கள். கலையைக் கற்றுக்கொள்ளுங்கள், கருத்தை எடைபோடுங்கள். திரையில் தெரிவது பாதிப் படம்தான். அதைக் காண யாருக்கு எங்கே இடம் தரப்பட்டது என்பதிலே இருக்கிறது மறுபாதி.

மறு மாதம் அதே ஊருக்குப் போனோம். இம்முறை காலனித் திடலிலேயே திரை கட்டினோம். ஊர்க்காரர்களை வீடுவீடாகச் சென்று அழைத்தோம். எல்லாரும் வந்தார்களா? இல்லை. பாதிப் பேர் வந்தார்கள். விசைத்தறிக்காரரின் மனைவி வந்தார், கணவரையும் அழைத்துக்கொண்டு. இருபது சிறுவர்களுக்கு நடுவிலே, அதே பாயிலே அமர்ந்தார். வராத பாதி இன்னும் எங்கள் கணக்கிலே கடனாக இருக்கிறது.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்க் கிளையிலே பழைய படம் ஒன்றைத் திரையிடுங்கள். கோபியைச் சுற்றிப் படப்பிடிப்பு நடக்கக் கண்டவர்கள் நீங்கள். படம் எடுப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படம் ஓடத் தொடங்கியதும் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். எழுந்து, திரையைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். பின்னால் எவரேனும் அமர்ந்திருந்தால் படத்தை நிறுத்துங்கள். அவர்களை முன்னால் அழைத்து வந்த பிறகு தொடருங்கள்.

நான் நிறுத்தத் தவறியவன். நீங்கள் தவறாதீர்கள்.