கல்லறைக்குப் போன மூன்று பெண்கள்



'பண்டிகைகளை வாழவைப்பது பக்தியா? பாசமா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "நம்பிக்கை போன பிறகு பண்டிகை கொண்டாடுவது, தேங்காயைத் தின்றுவிட்டுக் கொட்டாங்கச்சிக்கு மாலை போடுவது மாதிரி" என்றார். நல்லாத்தான் இருந்தது. நானும் கைதட்டினேன். ஆனா ஐயா, அந்தக் கொட்டாங்கச்சியிலேதான் அகப்பை செஞ்சு தெருவுக்கே சோறு போட்டாங்க எங்க அம்மா! (சிரிப்பு, கைதட்டல்)

நான் காரைக்கால் பக்கம் விழிதியூர்க்காரன். கிறிஸ்தவக் குடும்பம். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில், யாரோடும் சண்டை இல்லாமல், பழுத்த இலை காம்பை விட்ட மாதிரி, எனக்கு நம்பிக்கை கழன்றுவிட்டது. கிறிஸ்துமஸை யார் வேண்டுமானாலும் கேக் வெட்டிக் கொண்டாடிவிடலாம். ஈஸ்டர் அப்படி இல்லை. செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பதுதான் அந்த மதத்துக்கே உயிர்நாடி. அதை நம்பாதவனுக்கு அன்றைக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

அம்மா நம்பினாங்க. சாம்பல் புதன் தொடங்கினால் வீட்டில் கவிச்சி கிடையாது. பெரிய சனிக்கிழமை ராத்திரிப் பூசைக்கு நான்தான் கூட்டிப்போவேன். கோயில் விளக்கையெல்லாம் அணைச்சுடுவாங்க. புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றி, அதிலிருந்து ஒருத்தர் மெழுகுவர்த்தியிலிருந்து இன்னொருத்தருக்கு வெளிச்சம் போகும். ஒரு வருஷம் அம்மா கேட்டாங்க: "ஏன் தம்பி, உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே, எதுக்கு வந்து நிக்கிறே?" "உனக்குக் கை நடுங்குதும்மா. சேலையிலே மெழுகு சொட்டும். பிடிச்சுக்க ஆள் வேணாமா?" என்றேன். "சரி, சும்மா நிக்காதே. நீயும் ஒண்ணு கொளுத்திக்க" என்றாங்க. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, முதல் ஈஸ்டர் காலையை நினைத்துப் பாருங்கள். மாற்கு நற்செய்தியில் விடியற்காலையில் மூன்று பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள். கையில் நறுமணப் பொருள். எழுந்தவரை வரவேற்கவா போனார்கள்? இல்லை, பிணத்துக்குப் பூசப் போனார்கள்! வழியெல்லாம் ஒரே கவலை: வாசலில் கிடக்கிற கல்லை யார் புரட்டுவது? எழுந்துவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் கல்லுக்காக ஏன் கவலைப்படணும்? ஆண் சீடர்கள் கைதான அன்றைக்கே ஓடிவிட்டார்கள். இந்தப் பெண்கள், கல் பெரிசு, நம்மால் முடியாது என்று தெரிந்தே போனார்கள். நம்பிக்கை அப்புறம் வந்தது. பாசம்தான் முதலில் போய் வாசலில் நின்றது! (பலத்த கைதட்டல்)

"நம்பிக்கையை விட்டவன் எல்லாத்தையும் விட்டுடுவான்" என்று எதிரணிச் சகோதரி சொன்னாங்க. ஆபிரகாம் கோவூரை நினைச்சுப் பாருங்கம்மா. 1898-இல் கேரளத்துத் திருவல்லாவில், மார்த்தோமா சபைக் குருவானவர் மகனாகப் பிறந்தவர். இலங்கை வந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பாடம் நடத்தியவர். மதத்தை விட்டுப் பகுத்தறிவாளர் ஆனவர். 1978-இல் இறந்தார். கண்ணைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவர்களுக்கும், எலும்புக்கூட்டைத் தாம் பணியாற்றிய கொழும்பு தர்ஸ்டன் கல்லூரிக்கும் கொடுக்கச் சொல்லியிருந்தார். உயிர்த்தெழுதலை நம்பாத மனிதர். அவரையும் கல்லறையில் தேடினால் கிடைக்கமாட்டார்! (கைதட்டல்)

அம்மா போய்ச் சில வருஷம் ஆச்சு. இப்போதும் உயிர்த்த ஞாயிறன்று ஊருக்குப் போகிறேன். பூசைக்குப் போவதில்லை. நம்பாததை வாயால் சொல்வது, நம்புகிறவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. கல்லறைத் தோட்டத்தில் அம்மா தலைமாட்டில் புல்லைப் பிடுங்கி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். அப்புறம் அம்மாவின் அண்டாவிலே பிரியாணி. முதல் தூக்கு எதிர்வீட்டு மரைக்காயர் வீட்டுக்கு. ரமலானிலே அந்தத் தூக்கு நோன்புக் கஞ்சியோடு திரும்பி வரும்.

என் மகள் கேட்டாள்: "நம்பாம கொண்டாடுறது பொய் இல்லையாப்பா?" "ஆயா திரும்பி வருவாங்கன்னு சொன்னா எனக்கு அது பொய். ஆயா கொடுத்த வீட்டுக்கெல்லாம் நாமளும் கொடுக்கிறோம். இதிலே பொய் எங்கேம்மா இருக்கு?" என்றேன்.

ஒன்றை மறைக்கமாட்டேன். நம்புகிறவர்கள், 'அம்மாவை மறுபடி பார்ப்பேன்' என்று சொல்லலாம். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காலி என்பதற்காக அண்டாவைக் கவிழ்த்து வைக்க முடியுமா?

நம்புகிறவர்களுக்கு ஈஸ்டர், கல் புரண்ட நாள். எனக்கு, கல் புரளாது என்று தெரிந்தும் கிளம்புகிற நாள். அப்படிக் கிளம்ப வைப்பது பாசமே, பாசமே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)