ஈரச் சுவருக்கு எந்த விசிறி?

ஐப்பசி மழை கொட்டினால் கோவை லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் தேங்குவதை நாம் அறிவோம். பள்ளமான தெருக்களில் வீட்டுக்குள்ளும் புகுந்துவிடும். துடைத்த பிறகும் சுவரில் ஈரம் நிற்கும். 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

தயவுசெய்து, சுவிட்ச் பெட்டி நனைந்திருந்தால் எலெக்ட்ரீசியன் பார்க்கும்வரை மெயினைப் போடாதீர்கள்.

பிறகு எந்த விசிறி? நம் நூற்பாலைகளைப் பாருங்கள். கூடம் முழுக்கக் காற்றைப் பரப்ப, நேராகத் தள்ளும் ஆக்சியல் விசிறி. கழிவுப் பஞ்சைக் குழாய்வழி இழுக்க, நத்தை ஓடு போன்ற கூட்டுக்குள் சுழலும் சென்ட்ரிஃபியூகல் புளோயர். முன்னது நிறையக் காற்றைத் தரும், அழுத்தம் குறைவு. பின்னது இடுக்கிலும் காற்றை அழுத்தித் தள்ளும்.

வீட்டிலும் அதே கணக்குதான். திறந்த தரைக்கும் சுவருக்கும் பெடஸ்டல் ஃபேன் நல்லது. கம்பளத்துக்குக் கீழே, அலமாரிக்கு அடியில் என்றால் புளோயர்தான் சரி. சீலிங் ஃபேனை மட்டும் நம்ப வேண்டாம். காற்று சுவரை உரசி ஓடினால்தான் ஈரம் கிளம்பும். விசிறியைத் தாழ வைத்துச் சுவரை நோக்கிச் சாய்வாகத் திருப்புங்கள். கிளம்பிய ஈரத்தை எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியேற்றட்டும். மழை விட்டதும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள்.