மழைக்கு முன்பே தொடங்கும் டெங்குத் தடுப்பு



டெங்கு பற்றிய இந்த ஆய்வரங்கு யாழ்ப்பாணத்தில், அதுவும் மாரி தொடங்குமுன் கூடியிருப்பது மிகப் பொருத்தம். தலைமைப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

2017ஆம் ஆண்டை இந்த அவையில் எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஓராண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். தேங்கிய வெள்ளமும் அகற்றப்படாத குப்பையும் நுளம்பைப் பெருக்கின. அந்த ஆண்டு தந்த பாடத்தை நாம் முழுதாகக் கற்றுக்கொண்டோமா என்பதே இன்று எழுப்பவேண்டிய கேள்வி.

தென்மேற்குப் பருவமழை பெறும் மாவட்டங்களில் ஆண்டின் நடுப்பகுதியில் நோய் உச்சம் அடைகிறது. எமக்கோ வடகீழ்ப் பருவமழையை ஒட்டி மார்கழி, தை மாதங்களில்தான் நோய் பெருகுகிறது. அப்படியிருந்தும், காய்ச்சற்காரர் மருத்துவமனை விடுதியை நிறைத்த பிறகுதான் ஊர் விழித்துக்கொள்கிறது. புகையடிக்கும் இயந்திரமும் அப்போதுதான் தெருவுக்கு வருகிறது. புகை, பறக்கும் நுளம்பைக் கொல்லும். முட்டையை ஒன்றும் செய்யாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் முட்டைகளை ஒட்டிவிடுகிறது. நீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மழைநீர் பட்டதும் குடம்பிகள் வெளிவரும். ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பு பறக்கும். எனவே ஆவணி, புரட்டாதியில் காய்ந்து கிடக்கும் சீமெந்துத் தொட்டியும் பழைய ரயரும்தான் மார்கழிக் காய்ச்சலின் தொடக்கம். நீரைக் கொட்டிவிட்டால் போதாது. சுவரை உரஞ்சித் தேய்த்துக் கழுவவேண்டும்.

இந்த மண்ணின் ஆய்வு உலகுக்குச் சொன்ன செய்தி ஒன்றும் உண்டு. ஏடிஸ் நன்னீரில் மட்டுமே பெருகும் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரங்களைத் தேடிப்பார்த்த ஆய்வாளர்கள், கைவிடப்பட்ட கிணறுகளிலும் படகுகளிலும் தேங்கிய உவர்நீரில் அதன் குடம்பிகளைக் கண்டார்கள். பேராசிரியர்கள் ரஞ்சன் இராமசாமியும் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் தம் குழுவினருடன் 2011இல் இதை வெளியிட்டனர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, கிணற்றை நம்பி வாழும் குடாநாடு இது, சுற்றிவரக் கடல். இங்கே நன்னீரை மட்டும் பரிசோதித்துவிட்டு ஓயும் திட்டம் பாதித் திட்டமே.

நோயாளியைக் காக்கும் அறிவும் வீடுகளுக்குப் போய்ச் சேரவேண்டும். டெங்கு வைரசு நான்கு வகை. ஒரு வகையால் வந்த நோய் மற்ற வகைகளிலிருந்து நிலையான பாதுகாப்பைத் தராது. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் ஆபத்து கூடவும் செய்யும். காய்ச்சல் தணியும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுட்டுது" என்று வீட்டார் ஆறுதலடையும் அந்த 24 முதல் 48 மணி நேரமே உயிருக்கு ஆபத்தான கட்டம். தொடர் வாந்தி, கடும் வயிற்று நோ, முரசில் இரத்தக் கசிவு, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக் ஆகியவை குருதிக் கசிவைக் கூட்டக்கூடும். இதை ஒவ்வொரு மருந்துக்கடையும் சொல்லவேண்டும்.

புதிய வழிகளும் திறந்திருக்கின்றன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் வொல்பாக்கியா பற்றீரியா புகுத்திய நுளம்புகளை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் ஆய்வு முடிவு வெளியானது. எங்கள் சூழலில் அது எவ்வாறு பயன்படும் என்பதை இந்த அரங்கு ஆராயவேண்டும். ஆனால் எந்தப் புதுமையும் தொட்டியைத் தேய்க்கும் கைக்கு மாற்றாகாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஆய்வாளர்கள் கிணறு, தொட்டி, கடற்கரை என்று பிரித்து, எங்கே எப்போது குடம்பி பெருகுகிறது என்ற வரைபடத்தைப் பிரதேச சபைகளின் கையில் கொடுக்கவேண்டும். உள்ளூராட்சி மன்றங்கள் துப்புரவுப் பணியைப் புரட்டாதிக்குள் முடிக்கவேண்டும். ஆசிரியர்கள் கிழமைக்கு ஒரு நாள் பள்ளி வளவைப் பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்கவேண்டும்.

இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகள் அடுத்த மாரிக்கு முன் செயலாகவேண்டும். டெங்குவால் இறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் நாம் தடுத்திருக்கக்கூடிய இழப்பு. அந்தப் பொறுப்புணர்வோடு இந்த ஆய்வரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.