எங்கே நின்று பாடுவது?



இசையும் எதிர்ப்பும் பெரிய பொருள். அதற்குள் ஒரே ஒரு இசைத்தொகுப்பை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஆல்டர்நேட்டிவ் ராக் பாடகி பி. ஜே. ஹார்வி 2011 பிப்ரவரியில் வெளியிட்ட ‘லெட் இங்கிலாந்து ஷேக்’ அது. அதில் 12 பாடல்கள். பெரும்பாலானவை போரைப் பற்றியவை. ஆனால் கூட்டத்தைச் சேர்ந்து முழங்கவைக்கும் கோஷம் எதுவும் அவற்றில் இல்லை. பிறகு எப்படி அவை எதிர்ப்புப் பாடல்கள் ஆகின்றன? என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்புப் பாடலுக்கு வலுவைத் தருவது, பாடுகிறவர் எங்கே நின்று பாடுகிறார் என்பதுதான்.

மண்ணின் மகள்

ஹார்வி 1969இல் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்செட் மாவட்டத்தில் பிறந்தவர். 1992இல் வந்த ‘டிரை’ என்ற முதல் தொகுப்பிலிருந்தே ஆசையையும் சினத்தையும் உடலையும் பாடியவர். அரசியல் பக்கம் அவர் திரும்பியபோது பாட்டு கட்டும் முறையையே மாற்றிக்கொண்டார். முதலில் சொற்களை எழுதினார். அவை தாமாக நின்ற பிறகே மெட்டுக்குப் போனார். போரிலிருந்து திரும்பியவர்களின் வாக்குமூலங்களைப் படித்தார். ஓவியர் கோயாவின் போர்க்கொடுமைச் சித்திரங்களைப் பார்த்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசு ஓவியர்களைக் களத்துக்கு அனுப்பியது. அப்படிப் பாடலாசிரியர் ஒருவரை அனுப்பினால் அவர் எதைக் கொண்டுவருவார் என்பதே ஹார்வியின் கேள்வி.

2010இல் டார்செட்டின் கடலோரத்தில், ஐப் என்னும் சிற்றூரின் பழைய தேவாலயத்தில் பாடல்களைப் பதிவுசெய்தார். ஜான் பாரிஷும் மிக் ஹார்வியும் உடன் வாசித்தார்கள். சொந்த மாவட்டம், சொந்த ஊர்க்காற்று. தன் நாட்டின் மீது குற்றம் சாட்ட அவர் வெளியே போகவில்லை. ‘இங்கிலாந்து’ என்றே பெயர் கொண்ட பாடலில் பற்றும் கசப்பும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. அந்நியர் பாடியிருந்தால் வசையாகியிருக்கும்.

இனிய மெட்டு, கொடிய செய்தி

பாடல்கள் சிலவற்றின் களம் கலிப்போலி. துருக்கியின் அந்தத் தீபகற்பத்தில் 1915 ஏப்ரல் 25 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கின. எட்டு மாதங்களுக்குப் பிறகு வென்றது எதுவுமில்லாமல் பின்வாங்கின. இரு தரப்பிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தச் சாவுகளை ஹார்வி எப்படிப் பாடுகிறார்? தன் பழைய கரகரப்பை ஒதுக்கிவிட்டு, மெல்லிய உச்சக்குரலில் பாடுகிறார். ஆட்டோஹார்ப் நரம்புகள் தாலாட்டுப்போல் ஒலிக்கின்றன. கால் தாளம் போடத் தொடங்கிய பிறகுதான் சொல்லப்படுவது சிதறிய உடல்களைப் பற்றி என்று காதில் விழுகிறது. கேட்பவருக்கு அந்தக் கணத்தில் ஒரு கூச்சம் வருகிறது. எதிர்ப்பு அந்தக் கூச்சத்தில் பிறக்கிறது.

வேறு இசையிலிருந்து எடுத்தவற்றையும் இதே நோக்கில் பயன்படுத்துகிறார். ‘த குளோரியஸ் லேண்ட்’ பாடலில் ராணுவ ஊதுகொம்பு ஒலி தாளத்தோடு சேராமல் குறுக்கே வந்து விழுகிறது. சேராததுதான் அதன் வேலை. எடி காக்ரன் 1958இல் பாடிய ‘சம்மர்டைம் புளூஸ்’, விடலைப் பையன் ஒருவனின் புலம்பல். தன் குறையை ஐக்கிய நாடுகள் சபைக்கே கொண்டுபோவதாக அவன் வேடிக்கையாகச் சொல்கிறான். ஹார்வி அந்த வேடிக்கையைப் போர்க்களப் பாடல் ஒன்றின் கடைசியில் வைக்கிறார். பாதுகாப்பு மன்றத்தின் புதிய தீர்மானம் இல்லாமலே 2003இல் இராக் மீது படையெடுத்ததைப் பார்த்த தலைமுறைக்கு, அதைக் கேட்டுச் சிரிப்பு வராது.

நம் புறத்திணையிலும் வெற்றியைப் பாடும் வாகைக்குப் பக்கத்திலேயே நிலையாமையைப் பாடும் காஞ்சி இருக்கிறது. போரைக் கண்டிக்க வேண்டுமானால் போரில் இழந்ததைச் சொன்னால் போதும் என்பதைப் பழம்புலவர்களும் அறிந்திருந்தார்கள்.

2010 ஏப்ரலில் பிபிசியின் ஆண்ட்ரூ மார் நிகழ்ச்சியில் ஹார்வி ‘லெட் இங்கிலாந்து ஷேக்’ தொகுப்பின் தலைப்புப் பாடலைப் பாடினார். அன்றைய விருந்தினர் பிரதமர் கார்டன் பிரவுன். இராக் போரின்போது நிதியமைச்சராக இருந்தவர். ஹார்வி அவரை நோக்கி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பாட்டை மட்டும் பாடினார். 2011இல் இத்தொகுப்புக்கு மெர்க்குரி பரிசு கிடைத்தது. அதை இருமுறை வென்ற முதல் கலைஞர் அவர். அவருடைய முதல் பரிசு அறிவிக்கப்பட்ட நாள் 2001 செப்டம்பர் 11. அன்று அவர் வாஷிங்டனில் இருந்தார். அடுத்த மாதம் தொடங்கிய ஆப்கானியப் போர், இரண்டாம் பரிசின்போதும் முடிந்திருக்கவில்லை.

இடம் மாறியபோது

அடுத்த தொகுப்புக்காக, புகைப்படக் கலைஞர் ஷேமஸ் மர்ஃபியுடன் கொசோவோ, ஆப்கானிஸ்தான், வாஷிங்டன் என்று பயணம் செய்தார். 2016இல் ‘த ஹோப் சிக்ஸ் டெமாலிஷன் ப்ராஜெக்ட்’ வந்தது. சிதைந்த அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டிய அமெரிக்கத் திட்டத்தின் பெயர் அதில் இருக்கிறது. இடிபட்ட வீடுகளில் வாழ்ந்த பலர் புதிய வீடுகளுக்குத் திரும்ப முடியவில்லை. நியாயமான கோபம்தான். ஆனால் வாஷிங்டனின் ஏழைப் பகுதியைப் பற்றிய பாடலைக் கேட்டு அப்பகுதி அரசியல்வாதிகள் சீறினார்கள். அங்கே பணிபுரியும் தொண்டு நிறுவனமும் வெளிப்படையாக மறுப்பு எழுதியது. இடிபாடுகளைப் பார்த்தீர்கள், இங்கே வாழ்ந்து உழைப்பவர்களைப் பார்த்தீர்களா என்பதே அவர்கள் கேட்டதன் சாரம்.

முன்னதில் அவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வீட்டாரைக் கேள்வி கேட்டார். பின்னதில் அடுத்தவர் தெருவைக் கார் ஜன்னல் வழியே பார்த்தார். திறமை அதேதான். ஆனால் பாடப்பட்டவர்களுக்கு அந்தப் பாட்டில் பேச இடமில்லை.

இதனால் பிறர் துயரைப் பாடவே கூடாது என்று ஆகிவிடாது. குவாண்டானமோ சிறையில் குற்றச்சாட்டே இல்லாமல் அடைபட்டிருந்த ஷேக்கர் ஆமரைப் பற்றி 2013இல் ஹார்வி ஒரு பாடல் வெளியிட்டார். பிரிட்டனில் வாழ்ந்த அந்த மனிதரின் நிலையில் நின்று, உண்ணாவிரதத்தின் வேதனையை அதில் பாடினார். தன் நாட்டு அரசுக்கும் பொறுப்புள்ள ஒரு விஷயத்தில் வாய் திறந்தார். ஆமர் 2015இல் விடுதலையானார். அதற்கு ஒரு பாட்டுதான் காரணம் என்று யாரும் சொல்லமாட்டோம்.

பாட்டு கட்டும் இளைஞர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கோபத்தை எழுதும் முன் அதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாடும் ஊரும் குடும்பமும் குற்றத்தில் எங்கே வருகின்றன என்று பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொன்ன பாட்டுக்குக் கோஷம் தேவைப்படாது.