ஆட்டம் முந்தி, பாட்டு பிந்தி



ஆட்டக்கலையின் பெயரால் அமைந்த இந்த மேடையில் பவுலா அப்துல் என்ற அமெரிக்கப் பாடகியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சங்கீதம் அறிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். அவருக்குக் குரல் சின்னது என்பார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. அந்தச் சின்னக் குரல் எதன் தோளில் ஏறி உச்சிக்குப் போனது என்பதே என் பேச்சு.

1962-இல் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தவர். தந்தை சிரியாவின் அலெப்போவில் பிறந்த யூதர். தாய் கனடாக்காரர், பியானோ கலைஞர். கல்லூரி நாட்களிலேயே லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் நடனக்குழுவில் சேர்ந்தார். சீக்கிரமே அதற்கு நடன மாஸ்டரும் ஆனார். அதையே அவருடைய குருகுலம் என்பேன். ஆட்டம் நிற்கும் சிறு இடைவேளை, ரசிகர்கள் தின்பண்டம் வாங்க எழும் நேரம். அதற்குள் கடைசி வரிசைக்காரரின் கண்ணையும் பிடித்து நிறுத்த வேண்டும். நுணுக்கமான பாவமெல்லாம் அங்கே எடுபடாது. வெட்டி வெட்டி விழும் அசைவு வேண்டும்.

அங்கே அவரைக் கண்டெடுத்தவர்கள் பாடகர்களான ஜாக்சன் சகோதரர்கள். பிறகு அவர்களுடைய தங்கை ஜேனட் ஜாக்சனின் 1986 'கண்ட்ரோல்' தொகுப்பின் பாடல்களுக்கு நடனம் அமைத்தார். அவற்றில் ஒன்றான 'நாஸ்டி' அவருக்கு இசைத் தொலைக்காட்சியான எம்டிவியின் நடன அமைப்பு விருதைத் தந்தது. பாட்டைக் காதால் கேட்டு வாங்கிய மக்கள் கண்ணால் பார்த்து வாங்கத் தொடங்கிய காலம் அது. கேமரா எந்த நொடியில் வெட்டும், உடம்பு எந்த நொடியில் நிற்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு அத்துப்படி.

1988 ஜூனில் 'ஃபாரெவர் யுவர் கேர்ள்' தொகுப்பு வந்தது. முதலில் வந்த பாடல்கள் பெரிதாக எடுபடவில்லை. மறு ஆண்டு தொடக்கத்தில் 'ஸ்ட்ரெய்ட் அப்' முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டின் காணொளி, பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் பெயர்பெற்ற டேவிட் ஃபின்ச்சர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாட்டு தொடங்கும் முன்பே பவுலாவின் காலணி தரையில் டாப் தாளம் தட்டுகிறது. ஆட்டம் முந்தி, பாட்டு பிந்தி! அவருடைய கதையும் அந்த வரிசைதான்.

அந்தத் தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் சேர 64 வாரங்கள் ஆயின. அதிலிருந்து நான்கு பாடல்கள் முதலிடம் கண்டன. நான்காவது பாடலின் காணொளியில் ஒரு கார்ட்டூன் பூனையோடு ஆடினார். 1945-இல் ஒரு திரைப்படத்தில் நடிகர் ஜீன் கெல்லி கார்ட்டூன் எலி ஜெர்ரியோடு ஆடியதற்கு பவுலா செய்த மரியாதை அது. அந்தச் சின்னக் குரலைப் பற்றியும் சர்ச்சை வந்தது: பின்னணிப் பாடகி ஒருவர், தொகுப்பில் ஒலிப்பது தன் குரலும்தான் என்று வழக்குப் போட்டார். 1993-இல் ஜூரி அதை ஏற்கவில்லை.

பாடல்கள் முதலிடத்தில் இருந்த அதே 1989-இல், 'டிரேசி உல்மன் ஷோ' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நடனம் அமைத்ததற்காக எம்மி விருதும் வாங்கினார். பாடகியர் வரிசையில் அவருக்கு எந்த இடம் என்று வாதாடுங்கள். மாஸ்டர்கள் வரிசையில் வாதாட இடமில்லை. மாணவ நண்பர்கள் 'ஸ்ட்ரெய்ட் அப்' படத்தை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.