பேரப்பிள்ளைக்குக் கேட்கும் குரல்

(கம்போங் ராஜாவில் மூத்தோருக்காக ஆற்றிய உரை)



பதின்ம வயதுப் பேரனோ பேத்தியோ, "யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்", "எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்று சொன்னால் நமக்கு என்ன தோன்றும்? காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்போம். இல்லையென்றால் 'பைத்தியம்' என்ற சொல். மொழிபெயர்ப்பாளராக என் வேண்டுகோள், அந்தச் சொல் பிள்ளையின் காதில் விழவே வேண்டாம்.

இது அரிதான ஒன்றல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான கணக்குப்படி, 13 முதல் 18 வயதினரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இத்தகைய அனுபவம் உண்டு. 9 முதல் 12 வயதில் 17 பேர். பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடும்.

மூளையின் உள்ளே வாதுமைக் கொட்டை அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. "ஆபத்து!" என்று முதலில் எச்சரிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. "பொறு, ஒன்றுமில்லை" என்று அதை அமர்த்துவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. அது முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயதாகிவிடும். இத்தகைய பிள்ளைகளுக்கு முகப் படங்களைக் காட்டி ஸ்கேன் எடுத்த சில ஆய்வுகளில், கோபமோ சிரிப்போ இல்லாத முகத்தைப் பார்த்தபோதும் உணர்ச்சிப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. ஸ்கேனை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: இந்தக் குளிரில் முட்டிவலியோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் முகம், அந்தப் பிள்ளைக்குக் கோபமான முகமாகத் தெரியலாம். "உன்மேல் கோபமில்லை கண்ணு, கால்தான் வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குரல் என்ன சொல்கிறது, எப்போது வருகிறது என்று கேளுங்கள். பொய் என்று வாதாட வேண்டாம், உங்களுக்கும் கேட்பதாக நடிக்கவும் வேண்டாம். கோவிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசுங்கள், தவறில்லை. அடிப்பதும் கட்டிவைப்பதும் கூடவே கூடாது.

தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்து, கூட்டாளிகளை விட்டு ஒதுங்கினால் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள். தேவைப்பட்டால் டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல் என்றால் காத்திருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர்களும், முதன்முறையாக மனநோய் கண்டவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். சோர்வு, ஒதுங்கியிருத்தல் போன்றவற்றிலிருந்து சென்னைக்காரர்கள் கூடுதலாகத் தேறினார்கள். சிகிச்சையில் குடும்பம் உடன் நின்றதும் அங்கேதான் அதிகம்.

அதனால் பெற்றோர் வேலைக்குப் போயிருந்தாலும், வீட்டில் நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்கும் நீங்கள் கிளினிக்குக்குக் கூடவே வாருங்கள். எப்போது தொடங்கியது, இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.